ஃபிரேம் பிசகாமல்

திரைப்படத்தைத் தொகுப்பவரின் கணினியில் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் பிம்பங்கள் பெரும்பாலும் நாம் திரையரங்கில் காணப்போகும் பிம்பங்கள் அல்ல. வினாடிக்கு 24 ஃபிரேம் வீதம் இரண்டு மணி நேரப் படத்துக்கு 1,72,800 ஃபிரேம்கள் ஆகின்றன. 2கே அளவில் ஸ்கேன் செய்த ஃபிரேம் ஒன்றே 12 மெகாபைட்டுக்கு மேல் இடம் கேட்பதால், முடிந்த படம் மட்டுமே இரண்டு டெராபைட்டைத் தாண்டிவிடுகிறது என்றால், அதைப்போல் பன்மடங்கு எடுத்துக் கழித்தவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு எந்த எடிட்டர்தான் நிம்மதியாக வேலை செய்ய முடியும்? ஆகவே மூலத்திலிருந்து ப்ராக்ஸி என்னும் இலேசான நகல்களை எடுத்து, அவற்றிலேயே சேர்ப்பதும் நீக்குவதுமாகப் படத்தை உருவாக்கி, இயக்குநர் திருப்தியடைந்தபின், நகலில் செய்த தீர்மானங்கள் அத்தனையையும் மூலப் பிம்பங்களில் ஒன்று விடாமல் நிறைவேற்றுகிறார்கள். கன்ஃபார்ம் என்று தொழிலில் வழங்கும் இந்தக் காரியத்தைச் செவ்வனே செய்தவருக்கு யாரும் கைதட்டுவதில்லை. அவர் செய்தது எதுவும் திரையில் தெரியக் கூடாது என்பதே அந்தத் தொழிலின் தர்மம்.

பிலிம் இருந்த நாளில் இந்தப் பணி நெகடிவ் கட்டருடையது. வெள்ளைக் கையுறை அணிந்து, பிலிமின் ஓரத்து எண்களைச் சரிபார்த்து அவர் வெட்டி ஒட்டுகையில், ஒவ்வோர் ஒட்டுக்கும் அடுத்த ஃபிரேமில் ஒரு பகுதி பலியாகும். தவறி வெட்டினால் பிராயச்சித்தம் கிடையாது. கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ (2000) படத்தில், மிசிசிப்பியின் கோடைப் பசுமையை வறண்ட மஞ்சளாக்க விரும்பிய ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ், படம் முழுவதையும் டிஜிட்டலாக்கி நிறம் திருத்தியதிலிருந்து, படத்தை டிஜிட்டலிலேயே முடிக்கும் புதிய முறை வேரூன்றலாயிற்று.

எடிட்டரிடமிருந்து வருவது ஈ.டி.எல். எனப்படும் சாதாரண எழுத்துக் கோப்பு. வீடியோ டேப் காலத்து யந்திரம் ஒன்றின் பெயரால் சி.எம்.எக்ஸ். 3600 என்று இன்றும் வழங்கும் அதன் வரி ஒவ்வொன்றும் ஒரு ஷாட்டின் ஜாதகம்: வரிசை எண், ரீலின் பெயர், வெட்டா, ஒரு ஷாட் அடுத்ததில் கரையும் டிஸ்ஸால்வா என்ற குறி, பிறகு மூலத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, படத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று, மணி, நிமிடம், வினாடி, ஃபிரேம் கணக்கில் இடம் குறிக்கும் நான்கு டைம்கோடுகள். ரீலின் பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் அதில் இடமில்லை. ‘ஏ003சி007’ என்றால் ‘ஏ’ காமிராவின் மூன்றாம் கார்டில் ஏழாவது ஷாட். இரண்டாம் யூனிட்டின் காமிராவுக்கும் யாரோ ‘ஏ’ என்றே பெயரிட்டு, கார்டுகளையும் மறுபடி 001-லிருந்து எண்ணத் தொடங்கி, டைம்கோடும் அன்றன்றைய கடிகார நேரத்தையே பின்பற்றியிருந்தால், கதாநாயகி அழ வேண்டிய இடத்தில் வேறொரு நாள் அதே நேரத்துக்கு எடுத்த மாட்டு வண்டி வந்து நிற்கும். யந்திரம் எச்சரிக்கை எதுவும் தராது. படப்பிடிப்பின்போது ஓர் உதவியாளர் காட்டிய சோம்பலுக்காக ஆறு மாதம் கழித்து வேறொருவர் இராக்கண் விழிக்கிறார்.

இத்தகைய விபரீதங்களைப் பிடிக்க ஓர் அழகான உபாயம் உண்டு. எடிட்டர் தந்த மாதிரிப் படத்தை மேலும், மூலத்திலிருந்து கட்டியதைக் கீழுமாக வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும்படி செய்தால், பொருந்திய இடத்தில் திரை ஏறக்குறைய இருண்டே கிடக்கும். ஒரு ஃபிரேம் விலகினாலும் அசையும் கையின் ஓரமும் முகத்தின் கோடும் ஒளிக்கீற்றாய் எழுந்து நிற்கும். அசையாத சுவரைக் காட்டும் ஷாட்டில் மட்டும் இது பலிக்காது. அங்கே எண்ணைத்தான் நம்ப வேண்டும். எடிட்டர் ஷாட்டைப் பெரிதாக்கியதும் நகர்த்தியதும் ஈ.டி.எல். பட்டியலில் சரியாக ஏறுவதில்லை. டேவிட் ஃபிஞ்சரின் ‘கான் கேர்ள்’ (2014) 6கே-யில் படமாக்கப்பட்டு 4கே-யில் முடிக்கப்பட்டது. சுற்றிலும் விட்டுவைத்த விளிம்பு, ஷாட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தவும் நடுக்கத்தை அடக்கவும் பயன்பட்டது. இவ்விதம் சிறு நகலில் செய்த ஒவ்வொரு நகர்த்தலையும் மூலத்தில் அதே விகிதத்தில் பெருக்கியாக வேண்டும்.

படத்தை ஏறத்தாழ இருபது நிமிட ரீல்களாகப் பிரிக்கும் வழக்கம் பிலிமோடு போய்விடவில்லை. முதல் ரீலின் டைம்கோடு 01 மணியிலும் இரண்டாவது 02 மணியிலும் தொடங்குவதால், இரண்டாம் ரீலில் 12 ஃபிரேம் குறைந்தாலும் மூன்றாம் ரீலின் இசையும் வசனமும் இம்மியும் அசையா. ‘லாக்’ ஆன, அதாவது தொகுப்பு முடிவாகிவிட்ட படத்தில் யார் கைவைக்கப்போகிறார்கள் என்று கேட்பவர் இயக்குநர்களை அறியாதவர். அதற்காகவே கிராஃபிக்ஸ் கூடத்துக்கு அனுப்பும் ஷாட்டுகளில் முன்னும் பின்னும், பெரும்பாலும் எட்டு ஃபிரேம் வீதம், உபரியாகச் சேர்க்கிறார்கள். மாற்றம் அந்த எட்டுக்குள் அடங்கினால் வேலை அன்றிரவே முடியும். ஒன்பதாவது வேண்டுமென்றால் ஷாட் மறுபடியும் கூடத்துக்குப் போகும், அதற்கான பில் தயாரிப்பாளரிடம் போகும்.