கிருத்திகைக்குப் போறோம்... செருப்பு பத்திரம்!

என் பேரனுக்கு வயது 11. பேத்திக்கு 9. போன வாரம் இரண்டு பேரும் கோடு போட்ட பேப்பர் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். 'ஆடிக் கிருத்திகை - திருத்தணி - ஒருநாள் பயணத் திட்டம்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே ஐந்தே வரி.

காலையில் பஸ். மலை ஏறுவது. சாமி கும்பிடுவது. பஜ்ஜி, பஞ்சு மிட்டாய், ராட்டினம். ராத்திரி தெப்பம்.

"எப்படி இருக்கு, ஆயா?" என்றாள் பேத்தி. (எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.)

முப்பது வருடத்துக்கும் மேல் டீச்சர் வேலை பார்த்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். நூற்றுக்குப் பதினைந்து!

"பதினைந்து மட்டும் எதுக்கு?" என்று முறைத்தான் பேரன்.

"தெப்பத்தை மறக்காம எழுதினதுக்கு. சரி, தெப்பம் முடிஞ்சதும் எப்படிடா வீட்டுக்கு வருவீங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஜ்ஜியை யோசித்தவர்கள் திரும்பி வருவதை யோசிக்கவே இல்லை! உட்காருங்கள் என்று சொல்லி, புது பேப்பர் ஒன்றை எடுத்தோம்.

எங்கள் ஊர் அம்மையார்குப்பம். திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற நெசவு ஊர். தெருவில் நுழைந்தாலே தறிச் சத்தம்தான் வரவேற்கும். எங்களுக்கு 'டவுன்' என்றால் அது திருத்தணிதான். மற்ற நாளில் துணி எடுக்க, மருந்து வாங்க சாதாரணமாகப் போய் வருகிற இடம். ஆடிக் கிருத்திகை அன்று மட்டும் அது வேறு ஊராகிவிடும். லட்சக்கணக்கில் ஜனம். பழகின தெருவே அடையாளம் தெரியாது.

முதலில் தேதி. கிருத்திகை என்பது ஒரு நட்சத்திரம். நிலா எல்லா நட்சத்திரங்களையும் கடந்து மறுபடி கிருத்திகைக்கு வர 27 நாளும் இன்னும் சில மணி நேரமும் ஆகும். ஆடி மாதத்துக்கோ 31 அல்லது 32 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள்! ஆடி பிறந்த நாலு நாளைக்குள் ஒரு கிருத்திகை வந்துவிட்டால், மாதம் முடிவதற்குள் இன்னொன்றும் வந்துவிடும். 2025ஆம் ஆண்டு அப்படித்தான் ஆனது. ஜூலை 20இல் ஒன்று, ஆகஸ்ட் 16இல் ஒன்று. எனவே காலண்டரில் கிருத்திகை என்று பார்த்த உடனே பையைத் தூக்கக் கூடாது. கோயிலில் எதைத் திருவிழாவாக நடத்துகிறார்கள் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, எந்த நாள்? திருத்தணியில் ஆடி அசுவினி, ஆடி பரணி, ஆடிக் கிருத்திகை என்று வரிசையாக விழா நடக்கும். கிருத்திகை அன்று மாலை தொடங்கி மூன்று நாள் மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் தெப்பம். கிருத்திகை அன்றுதான் காவடி வெள்ளம். மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, தோளில் பூக்காவடி, மயில்தோகைக் காவடி என்று சுமந்துகொண்டு, பம்பை அடிக்க, "அரோகரா!" என்று அவர்கள் ஆடிக்கொண்டே வருவதைப் பார்க்கக் கண் இரண்டு போதாது. கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அன்றைக்குத்தான்.

"ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்துடலாமே?" என்றான் பேரன்.

"காலையிலே ஆறு மணிக்கு இறங்கி ராத்திரி வரைக்கும் அந்த நெரிசல்ல நிக்கணும். அதுக்கப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல பஸ் ஏற ஓடுவாங்க. உன் தங்கச்சியால முடியுமா? பெரிய ஆயாவுக்கு முட்டி வேற வலிக்குதே?"

பெரிய ஆயா என்றால் என் அக்கா. அவளும் வருகிறாள். அதை அவர்கள் திட்டத்தில் எழுதவே இல்லை! ஓட்டெடுப்பு நடத்தினோம். காவடிக்கு மூன்று ஓட்டு, தெப்பத்துக்கு ஒரு ஓட்டு. தெப்பத்துக்குப் போட்டவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. அரை மணி நேரம் பேசாமல் இருந்தான். மதியம் 3 மணிக்கு மலையடிவாரத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று எழுதிக் கோடு போட்டோம்.

"ஆயா, நீ எதுக்கு இவ்ளோ பயப்படுறே?" என்று அப்போதுதான் கேட்டான். சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1988ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை, பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, கிருத்திகைக்கு அழைத்துப் போனேன். பெரிய தைரியசாலி என்று எனக்கு நினைப்பு! நான் போட்ட திட்டம் ஒரே ஒரு வரி: "எல்லாரும் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க." காசு முழுவதும் என் கைப்பையில்.

அடிவாரத்தில் பூ விற்கிற அம்மாவிடம் செருப்புகளை விட்டுவிட்டு மேலே போனோம். நன்றாகச் சாமி கும்பிட்டோம். இறங்கும்போது எதிரே ஒரு பெரிய காவடிக் கூட்டம். பம்பைச் சத்தத்தில் ஒரு பையன் அப்படியே நின்றுவிட்டான். கை விட்டுப்போனது எனக்குத் தெரியவில்லை. அடிவாரத்துக்கு வந்து எண்ணினால் மூன்று பேர்.

மறுபடி எண்ணினேன். மூன்றுதான்.

மேலே ஓடினேன், கீழே ஓடினேன். போலீஸிடம் சொன்னேன். மைக்கில் அவன் பெயரைச் சொல்லி, "எங்கிருந்தாலும் போலீஸ் பந்தலுக்கு வரவும்" என்று பலமுறை கூப்பிட்டார்கள். வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பான் என்று மற்ற மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு அங்கே நடந்தேன். அங்கேயும் இல்லை. பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள். அவன் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? வாய் உலர்ந்து போயிற்று.

அப்போது ஒரு சின்னப் பெண் என் புடவையை இழுத்தாள். "டீச்சர், கால் சுடுது. நம்ம செருப்பு எங்க?"

வந்த வழியே ஓடினோம். பூக்கடைப் பக்கத்தில், எங்கள் செருப்புகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, அந்த அம்மா கொடுத்த சுண்டலைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான் பையன்!

"டீச்சர் போன வாரந்தான் புதுச் செருப்பு வாங்கினாங்க. அதை விட்டுட்டு ஊருக்குப் போக மாட்டாங்கன்னு இங்கேயே இருந்துட்டேன்" என்றான்.

அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அந்தக் கை அவன் தலையைத் தடவித்தான் இறங்கியது. முருகனுக்குக் கோபம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அதனால்தான் மற்ற முருகன் கோயில்களில் நடக்கிற சூரசம்ஹாரம் இங்கே கிடையாது. எனக்கும் அன்றைக்கு அங்கேதான் தணிந்தது.

அந்தப் பையன் இப்போது எங்கள் ஊரிலேயே தறி வைத்திருக்கிறான். இரண்டு தெரு தள்ளி வீடு. கதையைக் கேட்டதும் பேரனும் பேத்தியும் அவன் வீட்டுக்கே ஓடி விசாரித்துவிட்டு வந்தார்கள். "மைக்குல கூப்பிட்டது மாமாவுக்குக் கேட்டுச்சாம், ஆயா! ஆனா, நாலு பக்கமும் குழாய் கட்டியிருந்ததால சத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியலையாம். போலீஸ் பந்தல் எங்கே இருக்குன்னும் தெரியாதாம்."

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்! தொலைந்த பிள்ளைக்குப் பெயரைக் கூப்பிட்டால் மட்டும் போதாது. எங்கே போக வேண்டும் என்பது அதற்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இது திருத்தணிக்கு மட்டும் உள்ள கவலை இல்லை. உத்தரப் பிரதேசத்தில் கங்கையும் யமுனையும் சேருகிற பிரயாக்ராஜில் (பழைய பெயர் அலகாபாத்) மாக மேளா, கும்ப மேளா என்று நடக்கும். 1946ஆம் ஆண்டு அங்கே ராஜா ராம் திவாரி என்ற இளைஞர், தொலைந்துபோனவர்களை வீட்டாரோடு சேர்த்து வைப்பதற்கென்றே ஒரு முகாம் தொடங்கினார். தகரத்தில் செய்த குழலை வாயில் வைத்துக்கொண்டு பெயர்களைக் கூவுவாராம். 2016ஆம் ஆண்டு காலமாகும் வரை அதே வேலை! அவர் சேர்த்து வைத்தவர்களில் வயதான பாட்டிகளும் ஏராளம். தொலைவது சின்னப் பிள்ளைகள் மட்டும் அல்ல. (அக்காவிடம் இதைச் சொன்னேன். "நான் ஏன்டி தொலையப் போறேன்?" என்று கோபித்துக்கொண்டாள்.)

"செல்போன் இருக்கே!" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. பேரனும் அதையேதான் சொன்னான். ஒரே இடத்தில் இத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் போன் செய்தால் லைன் கிடைக்காது. படம் எடுத்து எடுத்து மதியத்துக்குள் சார்ஜும் தீர்ந்துவிடும். போன் இருக்கட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு நல்ல உபயோகம் உண்டு. கிளம்பும்போது எல்லோரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். 'என்ன சட்டை போட்டிருந்தான்?' என்று போலீஸ் கேட்டால் பதற்றத்தில் ஒன்றும் ஞாபகம் வராது. எனக்கு அன்று வரவில்லை. நீலம் என்று சொன்னேன். அவன் போட்டிருந்தது பச்சை!

பெயர், ஊர், இரண்டு போன் நம்பர் எழுதின சீட்டு ஒவ்வொருவர் பையிலும். பெரிய ஆயாவின் சுருக்குப் பையிலும்தான். குழந்தைகள் உதவி எண் 1098ஐ மனப்பாடம் செய்தாயிற்று. ஆளுக்கு ஐம்பது ரூபாய் தனியாக; அது பஞ்சு மிட்டாய்க்கு இல்லை, தொலைந்தால் மட்டும் எடுக்க.

இன்னொன்று, மொழி. ஆந்திராவிலிருந்து ஏராளமானவர்கள் வருவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தெலுங்கு மட்டுமே தெரிந்திருக்கலாம். திருத்தணியே ஒரு காலத்தில் ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் போன்றவர்கள் வடக்கு எல்லைக்காகப் போராடினார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அப்போது நம் மாநிலத்துக்கே சென்னை மாநிலம் என்றுதான் பெயர். எல்லைக்கோடு மாறினாலும் ஜனங்கள் பேசுகிற பேச்சு கோடு பார்த்து நிற்குமா? எனவே பிள்ளைகளுக்கு இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். "மா ஊரு அம்மையார்குப்பம்." "நேனு தப்பிப்போயானு." இரண்டாவதற்கு 'நான் தொலைந்துவிட்டேன்' என்று அர்த்தம். 'தப்பித்துப் போய்விட்டேன்' என்பதுபோல இருக்கிறதே என்று பேத்தி சிரித்து உருண்டாள். சிரித்தால் மறக்காது, நல்லதுதான்.

பிறகு மலை. வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி, 365. டிசம்பர் 31ஆம் தேதி படி ஒவ்வொன்றுக்கும் பூஜை செய்கிற திருப்படித் திருவிழா தனியாக நடக்கும். பேரன் இரண்டு விநாடிக்கு ஒரு படி என்று கணக்குப் போட்டு, "பன்னிரண்டே நிமிஷம்!" என்றான். காலியான படியில் உன் ஒருத்தனுக்கு அது சரி. கிருத்திகைக் கூட்டத்தில் நமக்கு ஒரு மணி நேரம் என்று போட்டுக்கொள் என்றேன். அக்காவால் படி ஏற முடியாது. மலைமேல் போக வண்டிப் பாதையும் இருக்கிறது. விழா நாட்களில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும், முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் அக்காவோடு, பிள்ளைகள் அவர்கள் அப்பாவோடு. இரண்டு கோஷ்டியாகப் பிரிந்துவிட்டதால் மேலே சந்திக்க ஓர் இடம் வேண்டுமே? ராஜகோபுர வாசல் வேண்டாம், அங்கே நிற்கவே விட மாட்டார்கள். யானை என்று முடிவு செய்தோம். முருகன் என்றால் மயில்தானே? இங்கே சன்னதிக்கு முன்னால் யானை. அதுவும் சாமியைப் பார்க்காமல் கிழக்கே பார்த்துக்கொண்டு இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இறங்கின பிறகு நேரம் மிஞ்சினால், ஊருக்குள் ஒரு நடை போய் வரலாம் என்று நான் ஒரு வரி சேர்த்தேன். 1888 செப்டம்பர் 5ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தது இந்தத் திருத்தணியில்தான். அவர் பிறந்த நாளைத்தான் 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். "டீச்சர் புத்தி போகுதா பாரு!" என்று என் மகன் உள்ளே இருந்து சிரித்தான். சிரிக்கட்டும், வரியை அடிக்கவில்லை.

நேற்று ராத்திரி இரண்டு பேரும் கடைசிப் பிரதியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கம் முழுக்க எழுத்து. போகிற நேரம், வருகிற நேரம், யார் யாரோடு, தண்ணீர் யார் தூக்குவது, 3 மணிக்குக் கிளம்புவது, எல்லாம் இருந்தது. பஜ்ஜியும் இருந்தது. கீழே பெட்டி கட்டி, சிவப்பு மையில், 'தொலைந்தால் சந்திக்கும் இடம்' என்று போட்டு எழுதியிருந்தான் பேரன்:

"ஆயா செருப்பு விட்ட கடை. எவ்வளவு நேரம் ஆனாலும் நகரக் கூடாது. ஆயா புதுச் செருப்பு போட்டு வர வேண்டும்."