சாவியைத் தொடும் முன் இரண்டு சுற்று

கீரிப்பாறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் வைத்த கொட்டகை ஒன்று உண்டு. போன மழைக்காலத்தில் என் மருமகனின், அதாவது அக்கா மகனின், கார் அந்த ரோலருக்குப் பக்கத்தில் பானட்டைத் திறந்தபடி 11 நாள் நின்றது. பழைய வண்டிதான். ஆனால் இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வு என்று பந்தயக் குணம் உள்ள என்ஜின். ஹெட் கேஸ்கெட் போய்விட்டதால், அவன் வீடியோ பார்த்துத் தானே ஹெட்டை இறக்கினான். நாகர்கோவிலில் லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்தான். புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை வரிசைப்படி முறுக்கினான். எல்லாம் சரியாகவே செய்தான். கடைசியில் டைமிங் பெல்ட்டை மாட்டும்போது ஒரு கேம் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது. அவனுக்கு அது தெரியாது. சாவியைத் திருப்பினான்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐடிலில் நடுங்கியது. காளிகேசம் போகும் ஏற்றத்தில் இரண்டாம் கியரிலும் இழுவை இல்லை. டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிந்தது.

ஒரு பல்தானே என்று தோன்றும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால் கேம் பல்சக்கரத்தில் கிராங்க் சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு பற்கள் இருக்கும். கேம் சக்கரத்தில் 40 பல் என்றால், ஒரு பல் தவறுவது கேமில் 9 டிகிரி, கிராங்க் கணக்கில் 18 டிகிரி. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது அந்தக் கேமின் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. அத்தனை தடவையும் அது 18 டிகிரி முந்தியோ பிந்தியோ நடக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், இழுவை குறையும், சைலன்சரில் டப்பென்று வெடிக்கும். கேம் சென்சாரும் கிராங்க் சென்சாரும் சொல்கிற கணக்கு ஒத்துவராமல் ஸ்கேனரில் பி0016 போன்ற கோடு வரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இக்காலத்து இரட்டை கேம் என்ஜின்கள் பலவற்றில் வால்வு இறங்கும் இடமும் பிஸ்டன் ஏறும் இடமும் ஒன்றுதான். நேரம் ஒன்று மட்டுமே அவற்றைப் பிரித்து வைக்கிறது. மூன்று நான்கு பல் தவறினால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். அதற்கு என்ஜின் ஓடக்கூட வேண்டாம், செல்ஃப் அடித்தாலே போதும். பெல்ட் அறுந்து வழியில் நின்ற வண்டியை ‘ஒரு தடவை பார்ப்போம்’ என்று திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்கிறவர்கள் மிச்சமிருக்கும் வால்வுகளையும் சேர்த்து வளைக்கிறார்கள்.

தடிக்காரன்கோணத்திலிருந்து ஒரு முதிய மெக்கானிக் வந்தார். கொட்டகையில் வெளிச்சம் போதவில்லை. விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் தலையில் கட்டும் விளக்கை வாங்கி மாட்டிக்கொண்டு குனிந்தார். மருமகன் சாவியோடு நின்றதைப் பார்த்ததும் சொன்னார்: “சாவியத் தொடாத மக்கா. பேட்டரி ஒயரக் கழத்து. பைய கையால ரெண்டு சுத்து சுத்திப் பாப்போம்.”

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார்கள். கம்ப்ரஷன் இல்லாமல் போனதால் கிராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டுச் சுற்றுவது எளிதாயிற்று. ஓடும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். திருப்பிச் சுற்றினால் பெல்ட்டின் தொய்வு வேறு பக்கம் போய்ப் பல் தாண்டிவிடக்கூடும். எங்காவது இரும்பு இரும்பில் முட்டியதுபோல நின்றால் அங்கேயே நிறுத்த வேண்டும், பலத்தைக் காட்டக் கூடாது. இரண்டு முழுச் சுற்று முடிந்து முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வந்தபோது கிராங்க் மார்க் நேராக இருந்தது. வெளியேற்றும் கேமின் மார்க் மட்டும் சரியாக ஒரு பல் தள்ளி நின்றது. மெக்கானிக் அதைத் தொட்டுக் காட்டியபோது பையன் முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்குமேல் அரை நாள் வேலை. டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றி, கேமை அதன் இடத்துக்குத் திருப்பி, பூட்டுக் கருவியால் பிடித்து, கிராங்கிலிருந்து டென்ஷனர் இல்லாத பக்கமாக இறுக்கமாகவே பெல்ட்டை ஏற்றி, கடைசியில் டென்ஷனரை விட்டார். மறுபடி இரண்டு சுற்று, மறுபடி மார்க். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்தார். அளவுகள் ஒன்றையொன்று ஒட்டி வந்த பிறகுதான், வால்வு எதுவும் வளையவில்லை என்று சாவியைக் கொடுத்தார்.

டைமிங் செயின் உள்ள என்ஜினில் ஒரு நுணுக்கம் பலரைக் குழப்புகிறது. செயினில் நிறமிட்ட கண்ணிகள் மாட்டும்போது மார்க்கோடு பொருந்தும். இரண்டு சுற்று சுற்றிய பின் அவை வேறெங்கோ போய்விடும். அது தவறல்ல, பல்சக்கர மார்க்குகள் நேராக இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். சில என்ஜின்களில் கேம் சக்கரத்துக்குச் சாவிக்கட்டையே கிடையாது, போல்ட்டின் இறுக்கம்தான் அதைப் பிடிக்கிறது. அவற்றை அதற்குரிய பூட்டுக் கருவி இல்லாமல் வீட்டில் தொடவே வேண்டாம். வீட்டில் வேலை செய்தால் இன்னும் இரண்டு எச்சரிக்கை. மழையில் ஊறிய எங்கள் செம்மண் தரையில் ஜாக்கி சாய்வதை நானே பார்த்திருக்கிறேன். அடியில் கட்டையும் ஸ்டாண்டும் கொடுக்காமல் யாரும் வண்டிக்குக் கீழே நுழையாதீர்கள். அடைத்த கொட்டகையில் என்ஜினை ஓட்டிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை.

இனி உரிமை. நம் வண்டியை நாமே பழுது பார்ப்பதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. பக்கத்து ஒர்க்ஷாப்பில் கொடுப்பதும் நம் விருப்பம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிச் சந்தைக்குத் தராமல் வைத்திருந்ததுதான் குற்றம். வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனையையும் அது கண்டித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் அந்த உத்தரவு எழுப்பிய கேள்வி சாதாரண வண்டிக்காரனின் கேள்வி. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு.

உரிமைக்கு எல்லையும் உண்டு. நாம் தவறாக வைத்த டைமிங்கால் வால்வு வளைந்தால் அந்தச் சேதத்துக்கு வாரண்டி கேட்க முடியாது. சாதாரண வாகனக் காப்பீடும் உதவாது, இயந்திரக் கோளாறு அதன் விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. என்ஜின் பிளாக்கையே மாற்றினால் எண் மாறும். அப்போது நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதியும் ஆர்.சி. திருத்தமும் வேண்டும்.

தவறு ஒர்க்ஷாப்பினுடையது என்றால் கதை வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. போலி பெல்ட், போலி டென்ஷனர் விற்பது தண்டனைக்குரிய குற்றம். எங்கள் ஊர் ஜீப்காரர்களும் ஆட்டோக்காரர்களும் ‘நாங்க வாடகைக்கு ஓட்டுறோம், எங்களுக்குக் கேஸ் நிக்காது’ என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. தன் பிழைப்புக்காகத் தானே உழைக்கிறவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

ஆனால் வழக்கு தோற்பது பெரும்பாலும் சாட்சியில். வண்டி நடுங்குகிறது என்றதும் நாமே திறந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டால், ஒரு பல் தள்ளி வைத்தது யார் என்று பிறகு எந்த நுகர்வோர் ஆணையம் கண்டுபிடிக்கும்? சந்தேகம் வந்ததும் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். ஒர்க்ஷாப்புக்கு எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். இன்னொரு மெக்கானிக் கவரைத் திறக்கும்போது, பெல்ட்டைத் தொடும் முன்பே மார்க்குகளை வீடியோ எடுங்கள். அவர் கண்டதை அவர் கையெழுத்தில் வாங்குங்கள். பழைய பெல்ட்டும் வளைந்த வால்வும் உங்கள் சொத்து, கேட்டு வாங்கி வையுங்கள்.

கூலித் தகராறில் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். வேலை செய்தவர் தன் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்க 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு இடம் தருகிறது. பணத்தைக் கட்டி, ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லில் எழுதிவிட்டு வண்டியை எடுங்கள்.

புகார் சொல்ல முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வண்டியைத் திருவனந்தபுரத்தில் விட்டிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

எங்கள் தடிக்காரன்கோணத்து மெக்கானிக்கிடம் அச்சடித்த பில் புத்தகம் கிடையாது. கோடு போட்ட நோட்டுத் தாளில் தேதியும் வண்டி எண்ணும் எழுதி, ‘வெளியேற்றும் கேம் ஒரு பல் மாற்றி வைத்தது, நாலு சிலிண்டர் கம்ப்ரஷன் பார்த்தது’ என்று கூலியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மருமகன் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறான்.