பத்துக் காசும் ஒரு பயிற்றுநரும்

2024 ஜூலை. சோளகம் அடிக்கிற காலம். இறுப்பிட்டியில் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடுகளில் சில அந்த மாதங்களில்தான் திறபடும். கனடாவில் இருந்தும் பிரான்சில் இருந்தும் கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள் கிணறு இறைப்பார்கள், முற்றம் கூட்டுவார்கள். பின்னேரமானால் சனசமூக நிலைய விறாந்தையில் வந்து குந்துவார்கள்.

அன்றைக்கு விறாந்தையில் இரண்டு கதை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் ஊர்ப் பெரியவர் ஒருவர் பத்திரிகையை மடித்து விசிறியபடி சொன்னார்: “சனத் வந்திட்டார். இனிப் பாருங்கோ விளையாட்டை!” ஜூன் முடிவில் கிறிஸ் சில்வர்வூட் இலங்கைக் கிரிக்கெட் அணியின் தலைமைப் பயிற்றுநர் பதவியை விட்டுப் போக, ஜூலை முற்பகுதியில் சனத் ஜயசூரிய இடைக்காலப் பயிற்றுநராகியிருந்தார். மற்றப் பக்கம் ஸ்காபுறோவில் இருந்து வந்த பதினான்கு வயதுப் பொடியன். தலையில் நீலக் குருவி பொறித்த தொப்பி. ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியின் தொப்பி அது. அவனுக்கு வேறு கவலை. “அங்கிள், எங்கட மனேஜரைத் துரத்த வேணும். நாங்கள்தான் கடைசி.”

ஒருவர் புது ஆள் வந்த புளுகத்தில் இருக்கிறார். மற்றவன் பழைய ஆளைத் துரத்த நிற்கிறான். இரண்டு பேரும் நம்புவது ஒன்றைத்தான்: அணி விழுவதும் எழும்புவதும் அந்த ஒரு நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதில் இருக்கிறது. இதில் எவ்வளவு உண்மை? அறுபது வருடங்களுக்கும் மேலாக ஆராய்ச்சியாளர்கள் கேட்டு வருகிற கேள்வி இது. விடையில் ஒரு பகுதியை அந்த விறாந்தையிலேயே செய்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கடையில் ஐந்து ரூபாய்க் குற்றிகள் பத்து மாற்றி வந்தேன். எண் இருக்கும் பக்கம் தலை, மற்றது பூ என்று வைத்துக்கொண்டோம். பத்துப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் பத்துக் காசையும் கைக்குள் குலுக்கிச் சீமெந்துத் தரையில் எறிய வேண்டும். எத்தனை பூ என்று நான் எழுதுவேன். நாலு, ஐந்து, ஆறு என்றுதான் பெரும்பாலும் விழுந்தது. ஒரு சின்னவனுக்கு மட்டும் இரண்டு. ஒரு பிள்ளைக்கு எட்டு.

இரண்டு எடுத்தவனின் முகம் சுருங்கிவிட்டது. “சரி, உனக்கு ஒரு புதுக் கோச் தாறன்” என்று தொப்பிக்காரனைக் கைகாட்டினேன். அவன் உடனே வேலையில் இறங்கினான். “வலக்கையால எறி. ரெண்டு தரம்தான் குலுக்க வேணும். நம்பிக்கையோட எறி.” சின்னவன் அப்படியே எறிந்தான். ஐந்து பூ! விறாந்தை அதிர்ந்தது. கோச்சைத் தூக்காத குறை.

காசுக்கு வலக்கை, இடக்கை தெரியாது, நம்பிக்கையும் தெரியாது. பத்துக் காசு விழக்கூடிய விதங்கள் மொத்தம் 1024. அவற்றில் இரண்டுக்கு மேல் பூ விழுகிற விதங்கள் 968. அதாவது, இரண்டு எடுத்தவனுக்குக் கோச்சாக யாரைப் போட்டிருந்தாலும், ஒருவரையும் போடாமல் விட்டிருந்தாலும், அடுத்த எறியில் அவன் முன்னேறுவதற்கான வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்று நாலுக்கு மேல்.

பிறகு எட்டு எடுத்த பிள்ளையைப் பார்த்தோம். எல்லாரும் கைதட்டியிருந்தோம். மறுபடி எறிந்தாள், நாலு. “நாவூறு பட்டுப்போச்சு” என்றார் பெரியவர், பாதி பகிடியாக.

அவர் சொன்ன நாவூறும் தொப்பிக்காரன் காட்டிய வித்தையும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள். புள்ளியியலில் இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன் 1886இல் இதை எழுதினார். 205 பெற்றோர் இணைகளையும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் உயரம் அளந்து ஒப்பிட்டபோது, மிக நெடிய பெற்றோரின் பிள்ளைகள் நெடியவர்களாக இருந்தாலும் பெற்றோர் அளவுக்கு இல்லை என்றும், மிகக் கட்டையானவர்களின் பிள்ளைகள் அவ்வளவு கட்டை இல்லை என்றும் கண்டார். ஒரு விளைவில் நிலையான பங்கும் தற்செயலின் பங்கும் கலந்திருந்தால், உச்சத்துக்கோ அடிமட்டத்துக்கோ போன ஒன்று அடுத்த முறை நடுவை நோக்கி வருவதே வழமை. தற்செயல் இரண்டாம் முறையும் அதே பக்கம் அதே அளவு சாய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

விளையாட்டில் தற்செயலுக்குப் பஞ்சமா? நாணயச் சுழற்சி, இடையில் வந்த மழை, விரல் நுனியில் தவறிய பிடி, முழங்கால் பிடித்துக்கொண்ட பந்துவீச்சாளர். இவை எல்லாம் ஒரே மாதத்தில் ஒரே அணிக்கு எதிராகச் சேர்வதும் உண்டு. பயிற்றுநரை யாரும் சும்மா ஒரு நாளில் மாற்றுவதில்லை. இப்படி எல்லாம் கூடி அணி அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான் மாற்றுகிறார்கள். புது ஆள் வருவதே இரண்டு பூ விழுந்த பிறகு. அடுத்த எறியில் ஐந்து விழுந்தால் மாலை அவர் கழுத்தில்.

உளவியலாளர் டானியல் கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் இதே மயக்கத்தைக் கண்டார். பாராட்டினால் அடுத்த பறப்பு மோசமாகிறது, ஏசினால் திருந்துகிறது என்று அவர்கள் அனுபவத்தால் சாதித்தார்கள். உண்மையில் மிக நல்ல பறப்புக்குப் பிறகு சுமாரானதும், மிக மோசமானதற்குப் பிறகு அதைவிட நல்லதும் வருவது இயல்பு. “அடியாத மாடு படியாது” என்ற நம் பழமொழிக்குள்ளும் இந்த மயக்கம் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பேஸ்போலுக்கு வருவோம். கிரிக்கெட்டில் களத்தில் முடிவெடுப்பவர் அணித்தலைவர். பேஸ்போலில் அந்த அதிகாரம் மனேஜருடையது. வீரர்களைப்போல அவரும் அணிச் சீருடை போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் இருப்பார்; எந்தப் பந்தெறிபவரை எப்போது எடுப்பது என்று அவரே தீர்மானிப்பார். ஆகவே ரசிகர்களின் புகழும் பழியும் நேரே அவர் தலையில்தான் விழும்.

இந்தத் துறையின் முதல் பெரிய விவாதமும் பேஸ்போலை வைத்தே நடந்தது. 1963இல் சமூகவியலாளர் ஒஸ்கார் குருஸ்கி அமெரிக்க அணிகளின் பழைய பருவங்களை எடுத்து ஆராய்ந்து, அடிக்கடி மனேஜரை மாற்றிய அணிகள் மோசமாகவே ஆடியிருப்பதாகக் காட்டினார். தோல்வி மாற்றத்தைக் கொண்டுவருகிறது, மாற்றம் குழப்பத்தைக் கொண்டுவருகிறது, குழப்பம் மறுபடி தோல்வியை. இது அவர் கண்ட சுழல். அடுத்த ஆண்டே வில்லியம் கம்சனும் நோர்மன் ஸ்கொட்சும் மறுத்து எழுதினார்கள். மனேஜர் மாறுவதால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அது ஒரு சடங்கு, கோபத்தைத் தணிக்க வெட்டப்படும் பலிக்கடா என்றார்கள்.

இதைச் சோதிக்க நல்ல வழி நம் விறாந்தையிலேயே இருந்தது: கோச் இல்லாத ஒரு பிள்ளையையும் எறியவிட்டுப் பார்ப்பது. நெதர்லாந்தில் யான் வான் ஊர்ஸ் என்ற பொருளியலாளரும் சக ஆய்வாளரும் அந்நாட்டு முதல்தரக் கால்பந்தின் 14 பருவங்களை எடுத்து இதைத்தான் செய்தார்கள். இடையில் பயிற்றுநரை மாற்றிய அணிகள் ஒரு பக்கம். அதே அளவு சரிந்தும் மாற்றாமல் பொறுத்துக்கொண்ட நிலைமைகள் மறு பக்கம். மாற்றிய அணிகள் எழும்பின. மாற்றாதவையும் ஏறக்குறைய அதே அளவு எழும்பின.

இப்போது நம் இரண்டு அணிகளின் கணக்கைப் பார்க்கலாம். சில்வர்வூட் போனபோது அவரைக் குறைசொல்லாத ரசிகர் குறைவு. 2023 ஆசியக் கிண்ண இறுதியில் 50 ஓட்டம், அந்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் இந்தியாவிடம் 55, 2024 ஜூனில் நியூயோர்க்கில் தென்னாபிரிக்காவிடம் 77. ஆனால் 2022 செப்டெம்பரில் துபாயில் பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியபோதும் பயிற்றுநர் அதே சில்வர்வூட்தான்.

சனத் வந்தார். முதல் தொடரிலேயே இருபதுக்கு இருபதில் இந்தியாவிடம் 0–3. “நான் அப்பவே சொன்னனான்” என்று ஒருவர் விறாந்தையில் தொடங்கினார். அவர் அப்போது சொன்னது வேறு. அடுத்து ஒருநாள் தொடர் 2–0. 1997க்குப் பின் இந்தியாவுக்கு எதிரான முதல் ஒருநாள் தொடர் வெற்றி. செப்டெம்பரில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து மண்ணில் பத்து ஆண்டுக்குப் பின் ஒரு டெஸ்ட் வெற்றி. காலியில் நியூசிலாந்தை 2–0. ஒக்டோபரில் சனத் முழுநேரப் பயிற்றுநரானார். நவம்பரில் டர்பனில் இலங்கை 42 ஓட்டத்துக்குச் சுருண்டது. அதன் டெஸ்ட் வரலாற்றில் அதுவே ஆகக் குறைந்தது. 2025 தொடக்கத்தில் காலியில் அவுஸ்திரேலியாவிடம் டெஸ்ட் தொடரில் 0–2. சில நாளில் அதே அவுஸ்திரேலியாவை ஒருநாள் தொடரில் 2–0. ஆள் மாறவில்லை. காசு மட்டும் புரண்டுகொண்டிருந்தது.

அப்படியென்றால் ரசிகர்கள் ஏன் ஒவ்வொரு நியமனத்துக்கும் இப்படித் துள்ளுகிறார்கள்? 1976இல் ரொபர்ட் சியால்டினியும் சகாக்களும் அமெரிக்காவின் ஏழு பல்கலைக்கழகங்களில் கவனித்தார்கள். அணி வென்ற வாரத்துக்குப் பிந்திய திங்கட்கிழமை, மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த உடுப்பைக் கூடுதலாகப் போட்டார்கள். தொலைபேசியில் விசாரித்தபோது, வெற்றியைச் சொல்ல “நாங்கள்” என்ற சொல் அதிகம் வந்தது. இதற்கு ஆய்வே தேவையில்லை; எங்கள் விறாந்தையில் கேட்டாலே போதும். வென்றால் “நாங்கள் வெண்டிட்டம்.” தோற்றால் “உவங்கள் தோத்திட்டாங்கள்.” 1994 உலகக் கிண்ணக் கால்பந்து இறுதியைப் பார்த்த பிரேசில், இத்தாலி ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தவர்கள், வென்ற பக்க ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் ஏறியதையும் தோற்ற பக்கத்தில் இறங்கியதையும் கண்டார்கள். பந்தைத் தொடாதவன் உடம்பிலும் ஆட்டம் நடக்கிறது.

அந்த வேதனை ஒரு காரணம் கேட்கிறது. பதினொரு பேரை ஒரே நாளில் மாற்ற முடியாது, தற்செயலைத் துரத்தவும் முடியாது. ஒரு நாற்காலியை மாற்றலாம். ஆகவே கதை அந்த நாற்காலியைச் சுற்றிக் கட்டப்படுகிறது.

இதனால் பயிற்றுநர் வெறும் பொம்மை என்று ஆகிவிடாது. 1996 மார்ச் 17இல் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணம் வென்றபோது பயிற்றுநர், கொழும்பில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்கு ஆடிய டேவ் வட்மோர். அந்த அணியில் மாறியது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. முதல் 15 ஓவரில் களத்தடுப்புக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தி சனத்தும் களுவிதாரணவும் அடித்து ஆடினார்கள்; ஆட்டத்தின் முறையே மாறியிருந்தது. காசையே வேறு விதமாக வார்ப்பதுபோல, சராசரியையே உயர்த்துவது அது. ஒரு பயிற்றுநரை அளக்க அதைத்தான் தேட வேண்டும்: அணி செய்கிற ஏதாவது ஒன்று உண்மையில் மாறியிருக்கிறதா? அந்த மாற்றம் ஒரு தொடரைத் தாண்டி நிற்கிறதா? அதே நிலையில் இருந்த, ஆளை மாற்றாத அணி என்ன ஆனது?

தொப்பிக்காரன் துரத்த நின்ற ஜோன் ஷ்னைடரும் ஒரு காலத்தில் புது ஆள்தான். 2022 ஜூலையில் சார்லி மொன்டோயோ நீக்கப்பட்டார். அப்போது அணி 46 வெற்றி, 42 தோல்வி. ஷ்னைடர் வந்த பிறகு அந்தப் பருவத்தில் 46 வெற்றி, 28 தோல்வி. ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2023 ஒக்டோபரில் நன்றாக எறிந்துகொண்டிருந்த ஹோசே பெரியோஸை நாலாவது இன்னிங்ஸிலேயே எடுத்தார். ஆட்டம் போனது, அணி வெளியேறியது, ரொறன்ரோவே அவர்மீது பாய்ந்தது. 2024இல் 74 வெற்றி, பிரிவில் கடைசி இடம். 2025இல் 94 வெற்றி, பிரிவில் முதல் இடம், பிறகு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை போய் 11 இன்னிங்ஸில் ஒரே ஓட்டத்தால் தோல்வி. அவரைத் துரத்து என்ற குரல் அப்போது கேட்கவில்லை.

ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். சரிபாதி வாய்ப்புள்ள காசை 162 தரம் சுண்டினாலும், 81இல் இருந்து ஆறு கூடுவதும் குறைவதும் வெறும் தற்செயலால் வழமை. நாலைந்து டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு பயிற்றுநரை எடைபோடுவது இதைவிட அவசரமான வேலை. அடுத்த முறை உங்கள் அணிக்குப் புது ஆள் வந்தால், மாலையோ கல்லோ எடுப்பதற்கு முன் வீட்டில் பத்துக் காசைத் தேடி எடுங்கள். பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஆகக் குறைவாக எடுத்த பிள்ளைக்கு ஒரு கோச்சைக் கொடுங்கள், பிறகு கோச் இல்லாமலும் எறியச் சொல்லுங்கள்.

ஷ்னைடர் பொறுப்பேற்ற நாளில் இருந்து 2025 பருவம் முடியும் வரை, பருவத்துக்குப் பிந்திய இறுதிச்சுற்று ஆட்டங்கள் தவிர்த்து, புளூ ஜேய்ஸ் ஆடியது 560 ஆட்டம், வென்றது 303. நூற்றுக்கு 54. மொன்டோயோவைத் துரத்திய அன்று, அந்தப் பருவத்தில் அவருடைய கணக்கு நூற்றுக்கு 52.