ஸ்ப்ளிட்டுன்னா வெறும் 'பிரி' தானா மக்கா?

'ஸ்ப்ளிட்'. ஸ்கூல்லேயே நமக்குப் பிடிச்ச வெர்ப் இது. பிரசன்ட், பாஸ்ட், பாஸ்ட் பார்ட்டிசிபிள் மூணுக்கும் ஒரே ஸ்பெல்லிங். அர்த்தம் 'பிரி'. முடிஞ்சுது சோலி! ஆனா அந்த ஒத்தை அர்த்தத்தை மட்டும் நம்பி இன்டர்வியூவுக்குப் போனா சிக்கல்தான்.

படம் முடிஞ்சு வெளியே வந்ததும் ஒருத்தன் "லெட்ஸ் ஸ்ப்ளிட்"னு சொன்னா, 'கிளம்பலாம்'னு அர்த்தம். அதையே புரோட்டா கடையில பில்லைக் காட்டிச் சொன்னா, ஆளுக்குப் பாதி. பர்ஸை எடுங்க பாஸ்! காதலர்கள் 'ஸ்ப்ளிட் அப்' ஆனா யார் மேல தப்புன்னு அந்த வார்த்தை சொல்லாது. நம்ம ஊர் 'அல்வா கொடுத்துட்டா'வுல அது பளிச்னு தெரியும்!

இப்ப நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 1986-ல் தூத்துக்குடி தனியாச்சு. 2019 நவம்பர் 22-ல் தென்காசி. தென்காசி பிரிந்ததா, பிரித்தாங்களா? தமிழ்ல ஒரு 'ந்', ஒரு 'த்' மாறினா விஷயம் விளங்கிடும். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் அதே 'ஸ்ப்ளிட்'தான். முன்னால நிக்கிற 'வாஸ்'தான் வேற யாரோ பிரிச்சாங்கன்னு காட்டிக் கொடுக்கும். அதை விட்டுட்டா திருநெல்வேலி தானாவே ரெண்டா விண்டு போன மாதிரி ஆயிடும். பேப்பர்ல இதுக்கு 'பைஃபர்கேட்'னு போடுவாங்க. 'பை'ன்னா ரெண்டு. அதே மாசம் வேலூரை மூணாக்கி திருப்பத்தூர், ராணிப்பேட்டைன்னு புதுசா ரெண்டு மாவட்டம் வந்துச்சே, அதுக்கு 'ட்ரைஃபர்கேட்'. புது மாவட்டத்தின் பக்கம் நின்னு சொன்னா 'கார்வ்டு அவுட் ஆஃப்', அதாவது இதிலிருந்து செதுக்கி எடுத்தது. (செதுக்கினது யாருங்கிற அரசியல் நமக்கு வேண்டாம்!)

ஆத்துக்கு வந்தா கதையே வேற. தாமிரபரணியில 8 அணைக்கட்டு, 11 கால்வாய். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய்னு ஒவ்வொண்ணா 'பிரியுது'ன்னுதான் நாம சொல்றோம். அங்கே 'ஸ்ப்ளிட்' போட்டா ஆறே ரெண்டா உடைஞ்ச மாதிரி தொனிக்கும். ஆறு பாட்டுக்கு ஸ்ரீவைகுண்டம் தாண்டி புன்னைக்காயல் வரைக்கும் போய்க்கிட்டேதானே இருக்கு? அதனால இங்கே 'பிராஞ்ச் ஆஃப்'. மரம் கிளை விடுற மாதிரி. நம்ம ஒரு 'பிரி'க்கு அவங்ககிட்ட இத்தனை வார்த்தை. மனப்பாடப் பட்டியல் இந்த இடத்துலதான் காலை வாரிவிடுது.

போட்டித் தேர்வு எழுதுறவங்க கவனிக்க வேண்டியது 'ஸ்ப்ளிட் வெர்டிக்ட்'. இதை 'உடைந்த தீர்ப்பு'ன்னு எழுதினா மார்க் போச்சு. ரெண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்றதுதான் அது. 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்க வழக்குல 2018 ஜூன் 14-ல் சென்னை உயர்நீதிமன்றத்துல அப்படித்தான் ஆச்சு. அந்தப் பட்டியல்ல நம்ம பக்கத்து ஒட்டப்பிடாரமும் விளாத்திகுளமும் உண்டு. வழக்கு மூணாவது நீதிபதிகிட்ட போய், 'தகுதிநீக்கம் செல்லும்'னு அக்டோபர் 25-லதான் முடிவாச்சு.