பம்பரை அறுக்கும் முன் பில்லைக் கேளுங்கள்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரியின் முன்பக்க கிரில்லுக்குள் எட்டிப் பார்த்தால், ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு அலுமினியக் கூடு தெரியும். அதுதான் இன்டர்கூலர். எண்ணூரில் லாரி செய்யும் அசோக் லேலண்டுக்கும், எர்ணாவூர் மெக்கானிக்குக்கும் அது பழகிய பொருள். இப்போது ராயபுரம், திருவொற்றியூர் இளைஞர்கள் தங்கள் டர்போ காரிலும் அதைப் பெரிதாக, பம்பர் வாயில் பளிச்சென்று தெரியும்படி மாட்ட ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் எந்தச் சாலையில் ஓட்டப்போகிறோம், கெட்டுப்போனால் யாரைக் கேட்பது என்று பார்க்காமல் பணத்தைக் கொடுப்பவர்கள் அதிகம்.

டர்போ காற்றை அமுக்கி இன்ஜினுக்கு அனுப்புகிறது. அமுக்கினால் காற்று சூடாகும். வெளியே 35 டிகிரி வெயில் என்று வையுங்கள். அந்தக் காற்றை ஒரு பார் அழுத்தத்துக்கு ஏற்றும்போது அது ஏறக்குறைய 130 டிகிரிக்குப் போய்விடும். சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு. பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங் வரும். அந்தச் சூட்டை 55 டிகிரி அளவுக்கு இறக்கினால் அதே இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் காற்று அடையும். இன்டர்கூலரின் பயன் இதுதான்.

ஆனால் இந்தக் கணக்கு வண்டி ஓடும்போதுதான் செல்லும். காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து போகும் காருக்கு முன்பக்கக் காற்று எங்கிருந்து வரும்? பெரிய கோர் அந்த நேரத்தில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் பின்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகவேண்டிய காற்றையும் மறித்து நிற்கும். ஏசி குளிரவில்லை, டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்று புகார் வருவது இதனால்தான். பார் அண்டு பிளேட் வகை கனமானது, உறுதியானது, காற்றை அதிகம் மறிக்கும். டியூப் அண்டு ஃபின் வகை லேசானது, பின்னாலிருக்கும் ரேடியேட்டரை மூச்சுவிட வைக்கும். தினம் ஆபீஸ் போய்வரும் காருக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. அதிலும் கம்பெனி வைத்த இடத்திலேயே பொருந்தும், கொஞ்சம் தடித்த கோர் கிடைத்தால் முன்பக்கம் பக்கமே போகவேண்டாம்.

சில கார்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. போலோவில் வந்த 1.0 டி.எஸ்.ஐ. இன்ஜினில் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீரால் குளிரும் அமைப்பாக இருக்கிறது. அதை முன்பக்கத்துக்கு மாற்றுவது அரைநாள் வேலை இல்லை. இன்டேக் அமைப்பையே மாற்றுவது. “எல்லா வண்டிக்கும் செட் ஆகும்” என்று சொல்லி விற்கும் கிட்டை வாங்காதீர்கள்.

நம் பகுதிக்கென்று இரண்டு எதிரிகள் உண்டு: கடல் உப்பும் அனல்மின் நிலையச் சாம்பலும். சாம்பலும் லாரிப் புழுதியும் ஃபின்களுக்கு நடுவே ஈரத்தோடு ஒட்டி, காய்ந்து, சிமென்ட் போல இறுகிவிடும். இரும்பு பிராக்கெட் அலுமினியத்தை நேரடியாகத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும்; அங்கிருந்துதான் துளை விழும். நடுவே ரப்பர் பட்டை வைக்கச் சொல்லுங்கள். கழுவும்போது மெல்லிய தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் விடவேண்டும். பிரஷர் வாட்டர் அடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

பொருத்தும் இடத்தில்தான் உயிர் ஆபத்து. இடம் போதவில்லை என்று பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்பு உத்திரத்தை கிரைண்டரால் அறுக்கும் வழக்கம் இருக்கிறது. மோதலின் வேகத்தைத் தாங்கி இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அந்த உத்திரம். ஏர்பேக் எந்த நொடியில் விரியவேண்டும் என்ற கணக்கும் அது முழுசாக இருப்பதை நம்பித்தான் போடப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக்கைச் செதுக்கலாம், உத்திரத்தைத் தொட விடாதீர்கள். வேலை முடிந்ததும் டர்போ முனையில் காற்றை ஏற்றி, ஒவ்வொரு ஹோஸ் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். இணைப்பு தளர்ந்திருந்தால் பூஸ்ட் போவது மட்டுமில்லை, மழை வெள்ளத்தில் தண்ணீர் நுழையவும் வழி உண்டாகும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே எடுத்துக்கொண்டது. இன்டர்கூலருக்கு ஆர்.சி.யில் கட்டம் கிடையாது. அதற்காக உடல் சட்டத்தை அறுப்பதும், கூடவே இ.சி.யு. மேப் மாற்றிக் கரும்புகை விடுவதும் அனுமதி பெற்றதாக ஆகிவிடாது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182-ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை அளவு மீறினால் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம். மெக்கானிக்கைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

ஆனால் மெக்கானிக்கும் கடைக்காரரும் உங்களுக்குப் பதில் சொல்லியாகவேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. அதனால் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வாங்கினாலும் பில் கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கார்டு போடச் சொல்லி, எந்த மாடல் கிட், உத்திரம் அறுபடாது, லீக் டெஸ்ட் உண்டு என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய இன்டர்கூலரையும் பைப்களையும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஆர்.டி.ஓ. பழையபடி மாற்றச் சொன்னாலும், வண்டியை விற்க நேர்ந்தாலும் அவை தேவைப்படும்.

தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. வெடித்த ஹோஸையும் விரிசல் விட்ட கோரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். மறைத்துவிட்டு விபத்துக்குப் பின் கிளெய்ம் போட்டால் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். மறுத்தாலும் அதோடு விட்டுவிடத் தேவையில்லை. மறுப்பை எழுத்தில் வாங்கி, முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் செலவில்லாமல் முறையிடலாம். மோதலுக்கும் இன்டர்கூலருக்கும் சம்பந்தமில்லை என்று காட்ட, அறுபடாத உத்திரத்தின் புகைப்படமும் ஜாப் கார்டும் அங்கே உதவும். பம்பரைத் திரும்ப மூடுவதற்கு முன் அந்தப் புகைப்படத்தை எடுத்துவிடுங்கள்.