எதிர்ச்சொல் – 9: வைரம் பாய்ந்த பகை

போன இதழில் கோபம், சினம், வெகுளி மூன்றோடும் மல்லுக்கட்டினோம். கோபம் வந்து போகும், பகை வந்து தங்கும் என்கிற இடத்தில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் பங்காளிக் காய்ச்சல் என்று சொன்னதும் நினைவிருக்கிறது. ஆனால் ‘காழ்ப்பு’ குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

காழ்ப்பு இன்று பெரும்பாலும் அறிக்கைகளில் வாழ்கிற சொல். யார் வீட்டில் சோதனை நடந்தாலும், யார்மேல் வழக்குப் பாய்ந்தாலும், மறுநாள் காலைச் செய்தியில் ‘அரசியல் காழ்ப்புணர்ச்சி’ தவறாமல் வந்துவிடும். வீட்டுப் பேச்சில் அதற்கு வேலை இல்லை. ‘இன்னும் மனசுல வச்சுக்கிட்டு இருக்கான்’ என்போம், ‘கறுவிக்கிட்டே திரியுறான்’ என்போம். மேடையில் தேய்ந்துபோன இந்தச் சொல்லைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஒரு மரம் இருக்கிறது.

காழ் என்றால் மரத்தின் உள்ளே இறுகிய கெட்டிப் பகுதி. தொல்காப்பியர் மரபியலில் இதை வைத்தே தாவரங்களைப் பிரிக்கிறார். உள்ளே காழ் உள்ளது மரம், வெளியே காழ் உள்ளது புல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல் இனம். வளர்ந்து நிற்கும் பனையைப் புல் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பனையை வெட்டினால் ஓரம்தான் கறுத்துக் கெட்டியாக இருக்கும், நடுவில் சோறு. இன்றைய தாவரவியலும் இந்த மூன்றையும் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைக் கூட்டத்தில்தான் வைக்கிறது.

காழ்த்தல் என்றால் முற்றி இறுகுதல். இந்த வினையைக் குறளில் தேடிப் போனபோதுதான் இந்த வாரத்தின் சந்தோஷம் கிடைத்தது. 879-ஆம் குறள். முள்மரத்தைக் கன்றாக இருக்கும்போதே வெட்டு, காழ்த்த பிறகு போனால் வெட்டுகிறவன் கையை அது வெட்டும் என்கிறார் வள்ளுவர். பள்ளியில் படித்த குறள்தான். ஆனால் அது இருக்கும் அதிகாரத்தைப் பாருங்கள்: பகைத்திறம் தெரிதல். பகையைப் பற்றிப் பேசும் இடத்தில், இருக்கிற சொற்களை எல்லாம் விட்டுவிட்டு, ‘காழ்த்த’ என்ற சொல்லை எடுத்து வைத்திருக்கிறார். காழ்ப்பு என்ற உணர்ச்சிக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

காழைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் அறுவை மில்லுக்குப் போனேன். பூவரச அடிக்கட்டை ஒன்று குறுக்கே அறுபட்டுக் கிடந்தது. வெளிவட்டம் மோர் நிறம். உள்ளே பழைய வெல்லம்போலக் கருஞ்சிவப்பு. வயதான ஆசாரி ஒருவர் வெளிவட்டத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். பிறைபோலத் தடம் விழுந்தது. உள்ளே அழுத்தினார், நகம் வழுக்கியது.

“இதாங்க வைரம். இந்த வெள்ளைய எடுத்து நிலை போட்டா செல்லு அரிச்சிரும். வைரம் பாஞ்ச கட்டைன்னா ரெண்டு தலைமுறை நிக்கும்.”

“எத்தன வருஷத்துல வைரம் பாயும், ஆசாரியாரே?”

“அது மரத்தோட குணம் சார். சில புளி, கிழடாயிருக்கும், உள்ள கொஞ்சம்தான் பாஞ்சிருக்கும்.”

அவர் வாயிலிருந்து வந்தது காழ் அல்ல, வைரம். அங்கே எனக்கு இன்னொரு கதவு திறந்தது. வைரம் என்றால் பகை என்றும் அகராதியில் உண்டு. வைரி என்றால் பகைவன். வடமொழியில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். மூக்குத்தி வைரம் ‘வஜ்ர’த்திலிருந்து வந்தது, பகை ‘வைர’த்திலிருந்து. தமிழுக்கு வரும்போது இரண்டும் ஒரே உருவம் கொண்டுவிட்டன. மரத்தின் நடுக்கட்டையும் மனிதனின் பழம்பகையும் ஒரே பெயரில் நிற்கின்றன, காழிலும் காழ்ப்பிலும் நின்றதைப்போலவே.

வைராக்கியம் இந்தக் குடும்பம் இல்லை. அது ‘விராகம்’, அதாவது ஆசை அற்ற நிலை. பற்றுக்கு நேர் எதிர் என்று பார்த்தால் இந்தத் தொடரில் முதல் வாரமே வந்திருக்க வேண்டிய சொல். பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பொருளில்தான். பிறகு நம் ஊரில் அது விடாப்பிடியாக மாறியது. ‘வைராக்கியமா இருந்து படிச்சான்’ என்கிறோம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் இன்னொரு மாற்றம். மலையாளத்தில் வைராக்கியம் என்றால் மனதில் வைத்திருக்கும் பகை. ஆசையை விட்டவனின் சொல் அங்கே பகை பாராட்டுகிறவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பூவரசுக்குத் திரும்புவோம். வெளிவட்டத்தின் வெள்ளைதான் மரத்தின் உயிருள்ள கட்டை. வேர் உறிஞ்சிய தண்ணீர் அதன் வழியாகத்தான் இலைக்கு ஏறுகிறது. உள்ளே இருக்கும் வைரமும் ஒரு காலத்தில் அப்படி வெள்ளையாக இருந்து தண்ணீர் சுமந்ததுதான். ஆண்டுகள் போகப் போக அதன் குழாய்கள் அடைபடுகின்றன, உயிரணுக்கள் இறக்கின்றன, பிசினும் துவர்ப்பொருளும் நிறைந்து நிறம் கறுக்கிறது. அதற்குப் பிறகு அங்கே தண்ணீர் ஏறுவதில்லை.

பழந்தமிழில் அன்புக்கு ஒரு பெயர் ஈரம். ‘நெஞ்சில ஈரம் இல்லாதவன்’ என்று இன்றைக்கும் திட்டுகிறோம். ஈரம் ஓடிய இடத்தில்தான் காழ் விழுகிறது என்பதை அந்தக் கட்டையில் பார்த்தபோது, காழ்ப்புக்கும் வெறுப்புக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிந்தது. முன்பின் தெரியாதவனை வெறுக்கலாம், நேற்று முளைத்த கட்சியை வெறுக்கலாம். காழ்ப்பு என்று சொல்ல, முன்னே ஓர் உறவு ஓடியிருக்க வேண்டும், பிறகு ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். நேற்றைய சண்டைக்கு ‘காழ்ப்புணர்ச்சி’ என்று அறிக்கை விடுவது இந்தச் சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

இது என் வாசிப்பு. காழ் என்றால் கெட்டி என்பதோடு அகராதி நின்றுகொள்ளும். ஆனால் நான் பார்த்த காழ்ப்புகள் எல்லாம் ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் படுத்து வளர்ந்தவர்களுக்கு இடையில்தான். அந்நியன் காய்ச்சல் என்று தமிழில் ஏன் ஒரு சொல் இல்லை? பங்காளிக்கு மட்டும் ஏன் காய்ச்சல்? பழைய பாகப் பிரிவினைப் பத்திரங்களில் ‘கிணற்றில் நாலில் ஒரு பங்கு’ என்று எழுதி வைத்தார்களே, அந்த நாலில் ஒரு பங்குத் தண்ணீருக்குள்தான் பதில் கிடக்கிறது. அடுத்த வாரம் அந்தக் கிணற்றில் இறங்குவோம். பிள்ளைகள் சுண்டுவிரல் நீட்டி விடும் ‘காய்’யும் கூடவே வரும்.