கார்ல ஏ.சி. இருக்கு, பட்டன் இருக்கு... ஆபத்தும் இருக்கு!

எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு. கோயில் வாசலில் பூஜை போட்டாச்சு. சீட்டுக்கு மேலே இருக்கிற பாலிதீன் உறையைக் கிழிக்க மனசு வராமல், அதன் மேலேயே உட்கார்ந்து மாமியார் வீடு வரை ஒரு ரவுண்டும் போய் வந்தாச்சு. கார் வாங்கிய வீட்டில் முதல் வாரம் இப்படித்தான் ஓடும்!

ஷோரூமில் சாவி கொடுக்கிறவர் பத்தே நிமிஷத்தில் எல்லா பட்டனையும் ஒப்பித்துவிடுவார். ‘இது ஏ.சி., இது பவர் விண்டோ, இது சைல்டு லாக்’ என்று. நாமும் தலையை ஆட்டிவிட்டு, ‘பாட்டு எங்கே சார் போடணும்?’ என்று கேட்போம். காரோடு கொடுக்கிற புத்தகம் டாஷ்போர்டு அறைக்குள் பிரிக்கப்படாமலே கிடக்கும். சொகுசுக்காக வைத்த பட்டன்களால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

முதலில் ஏ.சி.யைப் பார்ப்போம். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடியை மூடி ஏ.சி.யை முழுசாகத் திருகுவதுதான் நம் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஒன்றிரண்டு நிமிஷம் ஓட்டுங்கள். உள்ளே தேங்கிய அனல் வெளியேறும், ஏ.சி.க்கும் வேலை குறையும். ‘டாஷ்போர்டிலிருந்து பென்சீன் வாயு வந்து கேன்சர் வரும்’ என்று வருஷக்கணக்காக ஒரு சேதி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பிப் பயப்பட வேண்டாம். அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் கண்ணாடியை இறக்குவது நல்ல பழக்கம், காரணம் எதுவானால் என்ன?

ஏ.சி. பட்டனுக்குப் பக்கத்தில் கார் படத்துக்குள் அம்புக்குறி வளைந்து சுற்றுகிற மாதிரி இன்னொரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் வெளிக்காற்று வராது. உள்ளே இருக்கிற காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். சீக்கிரம் குளிரும், லாரிப் புகை வராது. நல்லதுதான். ஆனால் ஐந்து பேர் ஏறிக்கொண்டு திருச்சி வரை அதே பட்டனில் போனால், நாம் விடும் மூச்சிலிருக்கிற கரியமில வாயு உள்ளேயே சேரும். தலை கனக்கும், கொட்டாவி வரும். பின் சீட்டில் இருப்பவர் தூங்கினால் பரவாயில்லை. டிரைவருக்குக் கண் சொக்கினால்? அதனால் அரைமணிக்கு ஒருதரமாவது அந்தப் பட்டனை எடுத்துவிட்டு வெளிக்காற்றை விடுங்கள்.

நிறுத்திய காரில் தூக்கமா?

ராத்திரிப் பயணத்தில் கண் அசந்தால் ஓரங்கட்டித் தூங்குவது புத்திசாலித்தனம். இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவதுதான் விபரீதம். காரணம் கார்பன் மோனாக்சைடு. பெட்ரோலோ டீசலோ எரிந்து வரும் புகையில் இது இருக்கும். புது கார்களில் சைலன்ஸர் பக்கம் இருக்கிற கருவி இதைப் பெருமளவு குறைக்கிறதே தவிர, முழுக்க ஒழிப்பதில்லை. பழைய காரில் சைலன்ஸர் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, குழாய் வாயைச் சேறோ தண்ணீரோ அடைத்திருந்தாலோ, புகை காருக்குள் கசியலாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜின் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். ‘பிரயாண அலுப்பு’ என்று நினைத்துக்கொள்வோம். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. தூக்கத்திலேயே நினைவு தப்பிவிடும்.

இன்னொரு விஷயம். கொரோனா காலத்தில் விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்திருப்பீர்கள். இந்த விஷயத்தில் அதை நம்பவே கூடாது. ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தாலும் அதைப் பிராணவாயு என்று நினைத்து 98 என்று காட்டிவிடும்! அப்படி மயங்கியவரை உடனே வெட்டவெளிக்கு இழுத்து வந்து, 108-க்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ஆக்ஸிஜன்தான் இதற்கு மருந்து.

தூக்கம் வந்தால் என்னதான் செய்வது? பெட்ரோல் பங்க், டோல்கேட் பக்கம் வெளிச்சமான இடமாகப் பார்த்து நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிக் கண் மூடுங்கள். கொசு கடிக்கும். கடித்துவிட்டுப் போகட்டும்!

குழந்தையும் பூட்டிய காரும்

2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்தில், நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் வெளியே வரமுடியாமல் உள்ளேயே இறந்துபோனார்கள். படித்த எல்லோருக்கும் வயிறு எரிந்திருக்கும்.

இப்படிச் செய்திகளில் ‘மூச்சுத்திணறி’ என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். உண்மையில், வெயிலில் நிற்கும் காரில் காற்று தீருவதற்கு முன்பே சூடு தன் வேலையைக் காட்டிவிடும். வெளியே 35 டிகிரி என்றால், அரைமணி நேரத்தில் உள்ளே 50 டிகிரியைத் தாண்டிவிடலாம். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். அதனால் ‘பாப்பா தூங்கறா, எழுப்ப வேணாம். பத்தே நிமிஷம், மருந்து வாங்கிட்டு வந்துடறேன்’ என்பது வேண்டவே வேண்டாம். எழுப்பினால் அழும். அழட்டும்.

வீட்டில் நிற்கும் காரையும் எப்போதும் பூட்டி வையுங்கள். சாவியைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் மாட்டுங்கள். ‘டிக் டிக்’ என்று கார் கத்துவதைப் பார்த்துச் சிரிக்கிறதே என்று ரிமோட் சாவியை விளையாடக் கொடுக்கிறோம் பாருங்கள், அங்கேதான் பழக்கம் ஆரம்பிக்கிறது.

சைல்டு லாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின் கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் சின்ன நெம்பு ஒன்று இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து பின் கதவைத் திறக்க முடியாது. ஓடும் காரில் குழந்தை கதவைத் திறந்துவிடாமல் காப்பது இதுதான். ஆனால் நிற்கும் காருக்குள் குழந்தை தானாக ஏறி மாட்டிக்கொண்டால், இதே லாக் எமன். நாலைந்து வயசுக் குழந்தையானால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்: ‘மாட்டிக்கிட்டா முன்னாடி சீட்டுக்குத் தாவிடணும். அங்கே கைப்பிடியை ரெண்டு மூணு தரம் இழுக்கணும். திறக்கலைன்னா ஹாரனை அமுக்கிக்கிட்டே இருக்கணும்.’ பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலே ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் அடிக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

குழந்தை காணவில்லை என்றால் கிணறு, தொட்டியோடு காரையும், டிக்கியையும் உடனே திறந்து பாருங்கள். பூட்டிய காரில் குழந்தை துவண்டு கிடந்தால் சாவி தேடிக்கொண்டு நிற்காதீர்கள். முன் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, விரிசல் விடுமே தவிர லேசில் உடையாது. குழந்தைக்குத் தள்ளி இருக்கிற பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில், கூர்மையான கனமான பொருளால் அடியுங்கள். வெளியே எடுத்ததும் நிழலில் படுக்க வைத்து, உடைகளைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். நினைவில்லாத குழந்தை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பவர் விண்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜன்னலில் தலையை நீட்டி வேடிக்கை பார்க்கும் குழந்தையின் முழங்கால் பட்டனில் பட்டால் போதும், கண்ணாடி ஏறிக் கழுத்தைப் பிடிக்கலாம். தடை பட்டால் தானாக இறங்கும் வசதி எல்லாக் கார்களிலும், எல்லாக் கண்ணாடிகளிலும் இல்லை. டிரைவர் கதவில் மற்ற ஜன்னல்களை முடக்கும் பட்டன் உண்டு. குழந்தை ஏறினால் அதை அமுக்கிவிடுங்கள்.

மடியில் குழந்தை, முன்னால் ஏர்பேக்

ஏர்பேக் இருக்கிறதே, பெல்ட் எதற்கு என்கிறார்கள் சிலர். மோதிய நொடியில், கண் இமைப்பதற்கும் முன்னால் வெடித்து விரிகிற பை அது. பெல்ட் போட்டு நேராக உட்கார்ந்தவருக்குத்தான் அது தலையணை. முன் சீட்டில் அம்மா மடியில் இருக்கிற குழந்தைக்கு அது சம்மட்டி. பன்னிரண்டு வயசு வரை பின் சீட்டுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். டாஷ்போர்டு மேல் காலை நீட்டிக்கொண்டு வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பை விரிந்தால் தொடை எலும்பும் இடுப்பும் போய்விடும்.

பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் விபத்தில் இறந்தபோது, உயர்ரக காரின் பின் சீட்டில்தான் இருந்தார்; பெல்ட் போடவில்லை. ‘பீப் பீப்’ சத்தம் தொல்லை என்று பெல்ட் கொக்கிக்குள் செருகும் கிளிப் வாங்கினார்களே, அதை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வியாபாரிகளுக்கு உத்தரவு போட்டது. உங்கள் காரில் ஒன்று கிடந்தால் குப்பையில் போடுங்கள்.

கர்ப்பிணிகள் பெல்ட் போடலாமா? அவசியம் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் போகாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பு எலும்போடு படிய வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து, வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும்.

சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுத்துக்கொண்டே பெல்ட் போடுகிறவர்களும் உண்டு. மோதினால் பெல்ட்டுக்கு அடியில் உடம்பு வழுக்கிக்கொண்டு போகும், பட்டை வயிற்றை அறுக்கும். சாய்ந்து தூங்க ஆசைப்பட்டால் கார் நின்ற பிறகு தூங்குங்கள். தலைக்குப் பின்னால் இருக்கிற ஹெட்ரெஸ்ட்டும் சாய்ந்து தூங்க வைத்ததல்ல. பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் கழுத்து வெடுக்கென்று மடங்காமல் காப்பது அதுதான். அதன் உச்சி உங்கள் தலையின் உச்சிக்குச் சமமாக வர வேண்டும். பக்கத்தில் இருக்கிற சின்ன பொத்தானை அமுக்கிக்கொண்டு தூக்கினால் மேலே வரும்.